பொத்தான் வாங்கப் போனவர் கொண்டுவந்த கார்

பொத்தான் வாங்கப் போன மனுஷன் கார் வாங்கிக்கொண்டு வந்தார்.

வேறு வீட்டில் நடந்திருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வாங்கியவர் என் கணவர், வந்து நின்றது என் வாசல். சிரிப்பு எங்கிருந்து வரும்? இழுவை வண்டி ஒன்று பின்பக்கமாகவே வந்து, எங்கள் கேட்டுக்கும் வீட்டோடு சேர்ந்த எங்கள் தையல் கடைக் கதவுக்கும் நடுவிலிருந்த கொஞ்ச இடத்தில் அதை இறக்கிவிட்டுப் போனது. நீளமான மூக்கு. இரண்டு உருண்டை விளக்குகள், அதில் ஒன்றுக்குக் கண்ணாடி கிடையாது. டயர் நான்கும் தரையோடு சப்பையாகக் கிடந்தன. பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு நிறம். அதுவும் துரு விட்டுவைத்த இடங்களில் மட்டும். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஓர் எலி இறங்கி, எங்களைப் பார்த்துவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல் மதில் பக்கம் நடந்து போனது.

"பொத்தான் எங்கே?" என்று கேட்டேன்.

"எந்தப் பொத்தான்?"

"வெள்ளை. நாலு ஓட்டை. பள்ளிக்கூடச் சட்டைக்கு."

அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அடடா, மறந்தே போச்சுடி. அந்த மூடின அச்சகம் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி மரத்தடியில இது நின்னுட்டு இருந்துச்சு. சும்மா கேட்டுப் பார்த்தேன். எடுத்துட்டுப் போனா போதும்கிற மாதிரி ஒரு விலை சொன்னாங்க. விட மனசு வரலை."

"எடுத்துட்டுப் போனா போதும்னு ஏன் சொன்னாங்கன்னு யோசிச்சீங்களா?"

"பழைய மாடல்டி! இதுக்கெல்லாம் இப்ப எவ்வளவு மவுசு தெரியுமா? சரி பண்ணிட்டா கல்யாணத்துக்கு, படப்பிடிப்புக்குன்னு வாடகைக்குப் போகும். நானே ஓட்டுவேன். உட்கார்ந்த இடத்துல வேலை."

உட்கார்ந்த இடத்தில் வேலை. இதைச் சொல்லும்போது அவர் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். வாயில் வந்த திட்டில் பாதி அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் கை கொஞ்ச காலமாக நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் கட்டைவிரல் மட்டும், அதுவும் சும்மா இருக்கும்போது மட்டும். பிறகு ஊசியில் நூல் கோப்பது சிரமமானது. பிறகு பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலை முழுக்க என் பக்கம் வந்தது. கடைசியில் கத்தரி. துணியில் சாக்பீஸால் அவர் போடும் கோடு ஒரு காலத்தில் அச்சடித்த மாதிரி இருக்கும். இப்போது அது தள்ளாடியது. அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர் வெட்டியதை நான் எடுத்து ஓரத்தைச் சரிசெய்து வைப்பேன். நான் செய்வது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், மகளை விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அசைய மாட்டேன் என்றார். அவர் அப்பாவும் தையல்காரர்தான். அவருக்கும் இதே கைதான் முதலில் ஆடியது. கடைசிக் காலத்தில் மாமனாருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது நான்தான். என் கணவர் அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"டாக்டர் அந்த வியாதிக்குப் பேர் சொல்ற வரைக்கும் அப்பா நல்லாத்தான் இருந்தார். பேர் சொன்னதுக்கப்புறம்தான் படுத்தார்."

"அப்ப பேர் சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கும் ஓடியாடிட்டு இருப்பாரா?"

"யாரு கண்டா?"

இப்படிப் பேசுகிற ஆளிடம் என்ன செய்வது? சுவரில் முட்டிக்கொள்ளலாம், சுவராவது அசையும்.

சரி, வண்டிக்கு வருகிறேன். பழைய கார் வாங்கினால் யாராக இருந்தாலும் முதலில் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள். நாங்கள் தையல்காரர்கள். நாங்கள் இஞ்ச் டேப்பை எடுத்தோம். நாங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பைத்தியம் எனக்கும் கொஞ்சம் தொற்றிக்கொண்டது. எலி குதறிப் போட்ட சீட்டைப் பார்த்துக்கொண்டு தையல்காரி ஒருத்தி சும்மா இருக்க முடியுமா? மெரூன் நிறத்தில் ரெக்சின் வாங்கினோம். ஓரத்துக்கு வெள்ளைப் பட்டி. மேல்கூரைக்குக் கிரீம் நிறத் துணி, சுருக்கமே இல்லாமல் இழுத்துப் பிடித்து ஒட்டினோம். கதவின் உட்பக்கத்துக்குக்கூட மெத்தை வைத்து, வைர வடிவத்தில் தையல் போட்டேன். பள்ளிக்கூடச் சட்டைகள் ஒரு பக்கம் மலையாகக் குவிந்து கிடந்தன.

என் மகள் வங்கி வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். "அம்மா, நம்ம சோபாவை விட இது நல்லா இருக்கு."

"அங்கேயே படுத்துக்கோ. வாடகை மிச்சம்."

"ஆனா ஒண்ணு கேட்கணும். வண்டி ஓடுமா?"

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சத்தியமாக, அதுவரை அந்தக் கேள்வி எங்களுக்கு வரவே இல்லை.

அதற்குப் பிறகுதான் மெக்கானிக் வந்தார். நல்ல மனுஷர்தான், வாய் மட்டும் வேறு. எதைக் கேட்டாலும் 'நாளைக்கு' என்பார். எஞ்சின் எப்போது இறங்கும்? நாளைக்கு. பிரேக்? நாளைக்கு. அதனால் அவருக்கு நாளைக்கு என்றே பேர் வைத்துவிட்டேன். அந்த நாளைக்கு வந்து, எங்கள் வேலைப்பாட்டையெல்லாம் வாய் பிளந்து பார்த்துவிட்டு, திருப்புளியை எடுத்துத் தரையில் ஒரு குத்து குத்தினார். திருப்புளி மறுபக்கம் போய் வாசல் மண்ணில் நின்றது.

"அண்ணே, தரை முழுக்கப் போயிடுச்சு. சீட்டையெல்லாம் கழற்றுங்க. வெல்டிங் வைக்கணும்."

"இப்பத்தானே போட்டோம்," என்றார் என்னவர்.

"யாரு உங்களை முதல்ல போடச் சொன்னா?"

சீட்டைக் கழற்றினோம். கூரைத் துணியைக் கழற்ற முடியாது, ஒட்டியாயிற்று. ஈரச் சாக்கை மேலே பிடித்துக்கொண்டு வெல்டிங் வைத்தார்கள். பொறி எங்கே போகும் என்று சாக்கைக் கேட்டா போகிறது? வேலை முடிந்து பார்த்தால் என் கிரீம் துணி சல்லடையாக இருந்தது. நான் ஒரு மூச்சு அழுதேன். பிறகு எழுந்து ஒட்டுப் போட உட்கார்ந்தேன். காரின் கூரைக்கு அண்ணாந்து உட்கார்ந்து ஒட்டுப் போட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். கழுத்து பிடித்துக்கொண்டது.

அன்று பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஊசி கோத்துத் தருகிறேன் என்றார். பாவம், நல்ல எண்ணம்தான். நூல் முனை ஊசியின் காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. எச்சில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் கையை நீட்டிக்கொண்டே காத்திருந்தேன். அவர் ஊசியைத் தூக்கி எறியவில்லை, மெதுவாகச் சீட்டின் மேல் குத்தி வைத்தார். எறிந்திருந்தால்கூடத் தேவலை.

எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க பாருங்க. ஒரு பேச்சு. இந்த வண்டி என்னிக்கு ஓடுதோ, முதல் சவாரி நரம்பு டாக்டர்கிட்ட. சரின்னு சொல்லுங்க. இதுக்கப்புறம் இந்த வண்டியைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். எவ்வளவு செலவானாலும் கேட்க மாட்டேன்."

"வண்டி ஓடினாத்தான்?"

"ஓடினா."

"சரி."

எவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார் என்று நான் குளிர்ந்துபோனேன். என் புத்தியை எதால் அடிப்பது?

அன்றிலிருந்து அந்த வண்டிக்கு என்னைப் போல ஆதரவாளர் கிடையாது. ரேடியேட்டர் வேண்டுமா, வாங்குங்கள். பெட்ரோல் டேங்க் ஓட்டையா, மாற்றுங்கள். ஓடினால் போதும், டாக்டரிடம் போனால் போதும். காலையில் கடையைத் திறக்கும் முன் வண்டியின் முன்னால் நின்று 'இன்னிக்காவது ஓடித் தொலையேன்' என்று கும்பிடாத குறைதான். சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அதைச் சுற்றி ஒருக்களித்து நுழைந்து வருவார்கள். ஒருவர் தன் கைப்பையை அதன் மூக்கின் மேல் வைத்துவிட்டு, "இது எப்ப ஓடும்?" என்று கேட்பார். "நாளைக்கு," என்று நானே சொல்லப் பழகிவிட்டேன்.

அது ஓடவில்லை. ஒவ்வொரு முறையும் எல்லாம் முடிந்தது என்பார்கள், மறுநாள் வண்டியின் வயிறு திறந்து கிடக்கும். கார்புரேட்டரில் அழுக்கு என்றார் மெக்கானிக். சுத்தம் செய்தார்கள். கிளட்ச் சரியில்லை என்றார். மாற்றினார்கள். ஹாரன் சத்தம் பழைய மாடலுக்குப் பொருத்தமாக இல்லை என்று என் கணவர் என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு வாரம் ஹாரன் தேடினார். ஓடாத வண்டிக்கு ஹாரன் எதற்கு? வாயே திறக்க மாட்டேன் என்று சொல்லித் தொலைத்திருந்தேன், அதனால் வாயை மூடிக்கொண்டு நாளைக்குவை மனசுக்குள் சபித்தேன். ஊர்க்காசைத் தின்கிறான், என் புருஷனின் ஏமாளித்தனத்தில் குளிர் காய்கிறான் என்று மகளிடம் பொரிந்து தள்ளினேன்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. இஸ்திரி போட்ட காலர் சட்டை இல்லாமல் வாசலைத் தாண்டாத மனுஷர், கடையில் வாங்கிய பனியன் போட ஆரம்பித்தார். கழுத்து வழியாக மாட்டுகிற பனியன். வெயிலுக்கு இதமாக இருக்கிறதாம். தையல்காரர் ரெடிமேட் பனியனைப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தால் யார் துணி கொடுப்பார்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். பனியனில் பொத்தான் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இனிமேல் ஒரு நாள்கூடத் தாங்காது என்று செருப்பை மாட்டினேன். நேரே மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். நாளைக்கு ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்தே ஆரம்பித்தேன்.

"ஏன் தம்பி, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போ. வேற ஆளைப் பார்த்துக்கறோம். இப்படி இழுத்தடிச்சா என்ன அர்த்தம்?"

கால் அசையவில்லை. "அக்கா, கொஞ்சம் மெதுவா..."

"என்ன மெதுவா? வெளிய வா. மூஞ்சியைப் பார்த்துப் பேசணும்."

வந்தார். கையைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வண்டி எப்பவோ ஓடிருச்சுக்கா."

"என்னது?"

"நீங்களும் பாப்பாவும் துணி எடுக்க மொத்தக் கடைக்குப் போனீங்களே, அன்னிக்கு. நானும் அண்ணனும் இந்தத் தெரு, அடுத்த தெரு எல்லாம் சுத்திட்டு வந்தோம். தங்கமா ஓடுச்சு. அண்ணன்தான் சொல்லாதேன்னார். நீங்க கேட்டா ஏதாவது ரிப்பேர் சொல்லிக்கோன்னார். நான் என்னக்கா பண்றது? என் வாயில வர்ற ஒரே வார்த்தை உங்களுக்கே தெரியும்."

"அப்ப தினமும் சாவி போட்டுப் பார்க்கிறாரே? கிர் கிர்னு கத்திட்டு நிக்குதே?"

"அது ஒரு சின்னச் சாமான்கா. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதை எடுத்துட்டா எஞ்சின் சுத்தும், ஆனா ஸ்டார்ட் ஆகாது. அண்ணன் பாக்கெட்ல இருக்கும், பாருங்க." அவர் குரல் இறங்கியது. "ஏண்ணே இப்படின்னு கேட்டேன். வண்டி ஓடினா ஒரு இடத்துக்குப் போகணும், அங்க போக எனக்குத் தெம்பு இல்லைன்னார். அதுக்கு மேல நான் கேட்கலை."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. நடந்துதான் வந்திருப்பேன். வழியெல்லாம் அவரை என்னவெல்லாம் திட்ட வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். இத்தனை மாதம்! கூரைக்கு ஒட்டுப் போட்டு, ஹாரன் தேடி, வாயைக் கட்டி, வண்டியைக் கும்பிட்டு! என் காதில் இப்படிப் பூ சுற்றிவிட்டாரே!

அவர் வண்டியின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே குனிந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்பேனர், சும்மா ஒப்புக்கு.

"பாக்கெட்ல இருக்கறதை எடுங்க."

"எதை?"

"எடுங்கன்னா எடுங்க."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் நடிக்கவில்லை. பைக்குள் கையை விட்டு அதை எடுத்து நீட்டினார். பழுப்பு நிறத்தில், மேலே ஒரு பித்தளைத் தகடு. அவர் உள்ளங்கையில் அது கிடுகிடுவென்று ஆடியது.

"பயமா இருக்குடி," என்றார்.

"எனக்கு மட்டும் என்ன, குஷியாவா இருக்கு? தினம் நீங்க தூங்கினதுக்கப்புறம் அந்தக் கையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கேன். தூங்கும்போது அது ஆடறதில்லை, தெரியுமா? சும்மா கிடக்கு. அதைப் பார்த்து எனக்கு நானே, ஒண்ணும் இல்லை ஒண்ணும் இல்லைன்னு சொல்லிக்கறேன். பொழுது விடிஞ்சா மறுபடி ஆடுது." என் குரல் உடைந்தது. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. "உங்க அப்பாவுக்கு நான்தானே பொத்தான் போட்டுவிட்டேன்? அருவருப்புப் பட்டேனா? உங்களுக்குப் போட மாட்டேனா? அதுக்குப் போய் என்கிட்ட மறைச்சு, பனியனைப் போட்டுக்கிட்டு..."

"அப்பா மாதிரி ஆயிடுவேன்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும். மருந்து இருக்கான்னு கேட்போம். இல்லைன்னா இல்லை. கேட்காமலே இல்லைன்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்? நீங்க என்ன டாக்டரா? நாலு ஓட்டைப் பொத்தானையே மறந்துட்டு வர்ற ஆளு!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. பனியன் ஓரத்தை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கே மாட்டணும்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு மூடி கழன்றிருந்த இடத்தைக் காட்டினார். அவரே மாட்டப் போனார், விரல் ஒத்துழைக்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். தையல் மெஷினில் பாபின் மாட்டுகிற மாதிரிதான். ஒரு பக்கம் மட்டும் பொருந்தும், திருப்பிப் பார்த்தால் தானாக உட்காரும். உட்கார்ந்தது. மூடியைப் போட்டு இரண்டு கிளிப்பையும் அழுத்தினேன். கடைக் கதவை இழுத்துப் பூட்டினேன். பள்ளிக்கூடச் சட்டை வாங்க வந்த ஒரு அம்மாவிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறினேன்.

அவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. வண்டி இருமி, உறுமி, சீராக ஓடத் தொடங்கியது. அவ்வளவு கோபத்திலும் எனக்குப் புல்லரித்தது. மெரூன் சீட் கீழே லேசாக அதிர்ந்தது.

தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் கையை ஆட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் வரை கை அடங்கியே இருந்தது. சிக்னலில் நின்று கையை மடியில் வைத்தால் ஆடும். உடனே திரும்பவும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். நன்றாகத்தான் ஓட்டினார். அதை அவரிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் அப்படியே வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

ஆஸ்பத்திரி கேட் வந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. கேட்டைத் தாண்டி, மதிலை ஒட்டிப் போய், மருந்துக் கடையைச் சுற்றி, மறுபடியும் கேட்டுக்கு வந்தோம். மறுபடியும் தாண்டினார். நான் திட்ட வாயெடுத்தேன். பக்கவாட்டில் பார்த்தேன். தாடையை இறுக்கிக்கொண்டு நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார், காரில் அவரைத் தவிர யாருமே இல்லாத மாதிரி.

"சுத்துங்க," என்றேன். "பெட்ரோல் தீர்ற வரைக்கும் சுத்துங்க. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்."

இன்னும் ஒரு சுற்று சுற்றினார். இந்த முறை கேட்டுக்குள் திரும்பினார். மரத்தடியில் ஓர் இடம் காலியாக இருந்தது. நிறுத்தினார். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. சாவியின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ என்னமோ."

"ஆகலைன்னா நான் தள்ளுறேன்," என்றேன். "இறங்குங்க."

அவர் எஞ்சினை அணைத்தார்.